தபித்தாள் தூக்கி அடித்த பந்து

கல்லுமுடி மலையில் தபித்தாள் தூக்கி அடித்த பந்து கீழே வராமல் போனது ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி அடித்து ஐந்து நிமிடம் ஆனபோது. கிளப் சமையல்காரர் டீயை இறக்கியாயிற்று, கேக் வெட்டியாயிற்று, பெரிய மனிதர்கள் எல்லாம் நாற்காலி நுனிக்கு வந்தாயிற்று, தபித்தாளோ கொடியில் காயப்போட்ட துணியையும் திறந்தே விட்டுவந்த கோழிக்கூட்டையும் மேற்கே கறுத்துக்கொண்டு வருகிற மேகத்தையும் ஒன்றாக நினைத்துக்கொண்டே, எதிரே வலையை ஒட்டி நின்ற பாரிஸ்டர் வேதமாணிக்கத்தின் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கி விட்டாள். பந்து யூக்கலிப்டஸ் மரங்களைத் தாண்டிப் போனது, சர்ச் மணிக்கூண்டைத் தாண்டிப் போனது, வட்டமிட்டுக்கொண்டிருந்த ஒரு பருந்தைத் தாண்டிப் போனது. பருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. பாரிஸ்டர் பின்னால் ஓடி, கடைசிக் கோட்டருகே நின்று, மட்டையை ஓங்கி, அண்ணாந்தபடி காத்திருந்தார். டீ ஆறிப்போனது.

"என்னவே, வரக் காணோமே?" என்றார் தேயிலைத் தோட்டத்துக்காரர் ஒருவர்.

"போன உயரத்துக்கு வரணும்லா. நேரமாகும்" என்றார் கிளப் செக்ரட்டரி அருமைநாயகம், ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டுக்கொண்டே.

அந்தப் பந்தைப் பற்றிச் சொல்லுமுன் மற்ற மூன்று பந்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தபித்தாள் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சாலமோனின் ஒரே மகள். அம்மா இறந்ததும் அடுப்பைப் பார்க்க ஆளில்லாமல் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள், அதன் பிறகு மிஷன் வீட்டில் லேஸ் பின்னக் கற்றுக்கொண்டாள். சீமைக்குத் திரும்பிப் போன துரைசானி ஒருத்தி நரம்பு அறுந்த டென்னிஸ் மட்டை ஒன்றை விட்டுவிட்டுப் போனாள். தபித்தாள் லேஸ் நூலை எட்டு மடங்காக முறுக்கி மெழுகு தேய்த்து அதை இழுத்துக் கட்டினாள். ஆஸ்பத்திரிப் பின்சுவரில் காலையும் மாலையும் பந்தை அடித்து அடித்து, உள்ளே காய்ச்சலில் கிடந்தவர்கள் தலைவலிக்கும் சேர்த்து மருந்து கேட்கும்படி செய்தாள். அப்பாவின் பழைய கான்வாஸ் சப்பாத்துக்குள் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இருபத்துநாலு வயதில், ஜோடி ஆட்டத்துக்கு ஆள் குறைந்த ஒருநாள் கிளப்புக்குள் கால் வைத்தாள். இரண்டே வருடத்தில் பாரிஸ்டர் வேதமாணிக்கத்தைத் தவிர அவளிடம் தோற்காதவர் அந்த மலையில் இல்லை. தோற்றவர்கள் அவளைப் பெருமையாகத்தான் பேசினார்கள். காசுக்கு ஆடாமல் ஆசைக்கு ஆடுகிறவர்களின் கிளப் அது. வருடாவருடம் கோப்பை ஜெயிக்கிறவரை மாகாணப் போட்டிக்கு மெட்ராஸுக்கு அனுப்பிவைப்பார்கள்.

அந்த கிளப்பில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, நாலு மணிக்குள் ஆட்டம் முடியாவிட்டால் அடுத்த ஒரே பாயிண்ட்டில் தீர்த்துக்கொள்வது, ஏனென்றால் டீ ஆறிவிடும். இன்னொன்று, நடுவர் வைக்காமல் ஆடுவது, ஏனென்றால் நடுவர் வைப்பது கனவான்களைச் சந்தேகப்படுவது. யார் பக்கம் பந்து விழுகிறதோ அவர் சொல்வதுதான் சொல். ஒரு விரலைத் தூக்கி 'அவுட்' என்றால் அவுட். மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது.

முதல் வருடம் கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில், கடைசிப் பந்துக்குப் பாரிஸ்டர் விரலைத் தூக்கினார். தபித்தாளே அதை நம்பினாள். வீட்டுக்குப் போய் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மூன்று நாள் படுத்திருந்தாள். இரண்டாம் வருடம் விரலைத் தூக்கியபோது பாதி நம்பினாள். மூன்றாம் வருடம் பந்து கோட்டின் மேலேயே விழுந்தது. சுண்ணாம்பு தெறித்து அவருடைய பளபளப்பான பழுப்புச் சப்பாத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. அவர் குனிந்து அதைப் பார்த்தார், நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார், விரலைத் தூக்கினார். எல்லோரும் அந்த வெள்ளையைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

கனவான் பொய் சொல்லமாட்டார் என்றால் கோளாறு அவள் கண்ணில்தான் இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு கட்டியது. நிச்சயம் செய்திருந்த வாத்தியார் மாப்பிள்ளை வீட்டார், பிள்ளைகளுக்கும் பார்வைக்குறை வரும் என்று எழுதிப் போட்டார்கள். உபதேசியார் மனைவி எலிசம்மாள், பேரனின் ஞானஸ்நானத்துக்கு என்று வாங்கிய லேஸ் அங்கியைத் திருப்பிக் கொண்டுவந்து படியில் வைத்தாள்.

"வருத்தப்படாத தபித்தாள். லேஸுன்னா ஓட்டை இருக்கத்தான் செய்யும். ஆனா கண்ணு தெரியாதவ பின்னினா ஓட்டை இருக்க வேண்டிய இடத்துல இருக்காதுல்லா."

தபித்தாள் அந்த அங்கியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அவளுக்கு வேண்டியது கோப்பை இல்லை, மெட்ராஸும் இல்லை. அந்த மூன்றாவது பந்து உள்ளே விழுந்தது என்று பாரிஸ்டர் தன் வாயால் சொல்ல வேண்டும், கேக் தின்கிற நேரத்தில், எல்லோர் காதிலும் விழும்படி. அது ஒன்றுதான். அதை நினைத்துக்கொண்டே ஒரு வருடம் சுவரில் அடித்தாள். சுவரில் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. நாலாம் வருடம் மறுபடியும் கடைசி ஆட்டம், மறுபடியும் சமம், மறுபடியும் டீ ஆறுகிற நேரம். பந்தைத் தூக்கி விட்டாள்.

அன்று ஆறு மணிவரை பார்த்துவிட்டு செக்ரட்டரி சட்டப் புத்தகத்தை எடுத்து வரச்சொன்னார். பந்து தரையைத் தொடாதவரை பாயிண்ட் முடியவில்லை என்று அதில் இருந்தது. எவ்வளவு நேரத்துக்குள் தொட வேண்டும் என்று இல்லை.

"அப்ப ரெண்டு பேரும் அவங்கவங்க பக்கத்தை விட்டு வெளிய வரக்கூடாது. வந்தா தோத்ததா அர்த்தம்" என்றார் அவர். பிறகு, மரியாதைக்காக, "யாராவது விட்டுக் கொடுக்கீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு பொம்பளைக்கு விட்டுக் கொடுத்துட்டேன்னு நாளைக்குக் கோர்ட்டுல சொல்லுவாங்க" என்றார் பாரிஸ்டர்.

"கோழிக்கூட்ட யாராவது அடைச்சாப் போதும்" என்றாள் தபித்தாள்.

அப்படித்தான் அது தொடங்கியது. இரண்டு பக்கமும் கட்டில் வந்தது, மறைப்புத் தட்டி வந்தது, குடத்தில் தண்ணீர் வந்தது. மேலே கூரை போடக் கூடாது, பந்து வருகிற வழி அடைபடும் என்பதால் மழைக்குப் பெரிய தாழங்குடை இரண்டு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விளையாடலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. பாஸ்டர் மூன்று நாள் யோசித்து, காத்திருப்பது விளையாட்டு ஆகாது, விசுவாசிகள் எல்லோரும் காத்திருப்பவர்கள்தான் என்று பிரசங்கித்தார். பாரிஸ்டரின் கட்சிக்காரர்கள் கோட்டுக்கு அப்பால் முக்காலி போட்டு உட்கார்ந்து வழக்கைச் சொன்னார்கள். அவர் அண்ணாந்தபடியே சட்டம் சொன்னார். தபித்தாள் லேஸ் பின்னும் திண்டை மடியில் வைத்துக்கொண்டு நூல் சுற்றிய கட்டைகளைத் தட்டித் தட்டிப் பின்னினாள். சுற்றுவட்டாரத்து ஜனங்கள் முதலில் வேடிக்கைக்கு வந்தார்கள், பிறகு பந்து எப்போது விழும் என்று பந்தயம் வைக்க வந்தார்கள், பிறகு வருவதை நிறுத்தினார்கள். கல்யாணத் தேதி சொல்லும்போது 'பந்து போன இரண்டாம் மாசி' என்று சொல்லப் பழகிவிட்டார்கள்.

பாரிஸ்டரின் மனைவி கிரேஸம்மாள் தினமும் இரண்டு அடுக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். ஒன்று அவருக்கு, ஒன்று தபித்தாளுக்கு.

"எனக்கு எதுக்கு மதனி?" என்றாள் தபித்தாள் முதல் நாள்.

"வாங்கிக்கட்டி. வீட்டுல இருந்தா காலையில இருந்து ஏவிக்கிட்டே இருப்பாரு. அவரு இங்க நிக்கப் போய்த்தான் கல்யாணம் ஆகி இப்பதான் நான் மத்தியானம் தூங்குதேன்."

மூன்றாவது வாரத்தோடு பந்து யார் கண்ணுக்கும் தெரியவில்லை. தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர்களுக்கும் வானம்தான் தெரிந்தது. தபித்தாளுக்கு மட்டும் தெரிந்தது: கடுகளவு, பிறகு கடுகின் பாதியளவு, ஆனால் தெரிந்தது. அவள் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. பாரிஸ்டர் தவறான இடத்தில் நிற்கிறார் என்று ஒருநாள் செக்ரட்டரியிடம் சொன்னாள், அவ்வளவுதான். காற்றில் பந்து வடக்கே நகர்ந்துவிட்டது. அது இறங்கினால் அவர் இருபதடி தள்ளி நின்றுகொண்டிருப்பார்.

அன்று முழுக்கப் பாரிஸ்டர் அண்ணாந்து தேடினார். அடுத்த நாளும் தேடினார். மூன்றாம் நாள் காலையில் வலையருகே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்லுமுடியில் யாரும் அதுவரை கேட்டிராத குரலில் கேட்டார்.

"தபித்தாள், பந்து எங்க?"

அவள் நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, மேலே பார்த்து, "ஏழு எட்டு எடுத்து வச்சுப் பின்னால போங்க, அய்யா" என்றாள். அவர் போனார்.

அதன்பிறகு தினமும் காலையில் அவர் கேட்பதும் அவள் சொல்வதும் வழக்கமானது. ஊர் ஜனங்கள் அதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு மெல்ல மெல்ல ஒவ்வொருவராகக் கோட்டருகே வந்தார்கள். எதிர்மலையில் மேயப் போன மாடு எந்தப் பாறைக்குப் பின்னால் நிற்கிறது, மழை எத்தனை மணிக்கு வரும், கீழ்ப்பாதையில் ஏறி வருகிற வண்டி யாருடையது என்று கேட்டார்கள். கேட்டதற்கெல்லாம் சொன்னாள், சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. லேஸ் கேட்டு மெட்ராஸில் இருந்துகூட ஆள் வந்தது. எலிசம்மாளும் வந்தாள், அடுத்த பேரன் பிறந்திருந்தான்.

"பழசெல்லாம் மனசுல வச்சுக்காத தபித்தாள். நல்லதா ஒரு அங்கி பின்னித் தா."

"என் பின்னல்ல ஓட்டை இடம் மாறி இருக்குமே, அக்கா. பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்."

மற்ற எல்லோருக்கும் பின்னிக் கொடுத்தாள். அவளுக்கு மட்டும் கடைசிவரை கொடுக்கவில்லை.

பந்து போன இரண்டாம் வருடம் ஐப்பசியில் கம்பவுண்டர் சாலமோன் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். தபித்தாள் தன் பக்கத்தை விட்டு வெளியே போனால் தோற்றதாக ஆகும் என்பதால், கல்லறைக்குப் போகும் வழியில் பெட்டியைக் கோட்டருகே கொண்டுவந்து இறக்கினார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் முழங்கால் போட்டு, அந்தப் பக்கம் இருந்த பெட்டியின் மேல் தலையை வைத்துக்கொண்டாள். ஒரு சொல், ஒரே ஒரு சொல் பாரிஸ்டர் சொல்லிவிட்டால் எழுந்து அப்பாவோடு நடந்துவிடலாம் என்று எதிர்ப் பக்கம் பார்த்தாள். பாரிஸ்டர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு மிக மரியாதையாக நின்றார், அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் அவர், "தபித்தாள், பந்து எங்க?" என்று கேட்டார்.

பந்து அவருடைய தலைக்கு நேர் மேலேதான் இருந்தது. "அந்த ஓரத்துக்குப் போங்க, அய்யா" என்றாள். அந்த ஓரத்தில் செவ்வெறும்புப் புற்று இருந்தது. அவர் போய் அதன்மேல் நின்றார்.

அன்றிலிருந்து பாதி நாள் உள்ளதைச் சொன்னாள், பாதி நாள் மனதுக்குத் தோன்றியதைச் சொன்னாள். பனியில் நடுவே நிறுத்தினாள். உச்சிவெயிலில் நிழலில்லாத மூலையில் நிறுத்தினாள். கட்சிக்காரர்களோடு அவர் பேச உட்காரும்போதெல்லாம் பந்து நகர்ந்தது. எல்லோரும் மத்தியானம் உறங்குகிற நேரத்தில் அவரை வலக்கோடியில் இருந்து இடக்கோடிக்கும் இடக்கோடியில் இருந்து வலக்கோடிக்கும் ஓடவிட்டாள். அவருடைய பழுப்புச் சப்பாத்து தேய்ந்து, பெருவிரல் வெளியே வந்து, புல்லெல்லாம் போய் அவர் பக்கம் மண் கட்டாந்தரை ஆனது. அவள் சொல்வது பொய்யாக இருக்கும் என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் எந்த நாள் பொய், எந்த நாள் மெய் என்று தெரியாது, பார்க்கக் கண் இல்லை. எப்போதும் சூரியனைப் பார்த்தே நின்றதில் இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்துகொண்டிருந்தது. தபித்தாள் அதையும் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தாள்.

பந்து போன நாலாம் வருடம் ஒருநாள் வலையருகே வந்து அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். "நான் அதைச் சொல்லிர்றேன். உனக்கு மட்டும். இங்கயே, இப்பவே. போதுமா?"

"நாலு மணிக்குச் சொல்லுங்க. கேக் வெட்டும்போது."

"அது எப்படிம்மா முடியும்? எனக்கு ஒரு பேரு இருக்கு."

"எனக்குக் கண்ணு இருந்தது" என்றாள் தபித்தாள். "மூணு எட்டு வலது பக்கம் போங்க."

ஐந்தரை வருடம் ஆனபோது, ஒரு சனிக்கிழமை காலையில் பந்து கீழே இறங்குவதைத் தபித்தாள் கண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. பாதியில் நின்ற பின்னலை முடித்தாள், கட்டைகளைத் துணியில் சுற்றினாள், கஞ்சி குடித்தாள், சேலையை இழுத்துச் செருகினாள், அப்பாவின் சப்பாத்தை எடுத்துத் துணி அடைத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். அவள் சப்பாத்து கட்டுகிறாள் என்ற செய்தி மலை முழுக்கப் போனது. கடைகளை அடைத்தார்கள், தோட்டத்தில் கொழுந்துக் கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். மூன்றரை மணிக்குள் மைதானத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. பழைய சமையல்காரர் ஓய்ந்துவிட்டார், புதியவர் டீயை இறக்கினார்.

சத்தம் கேட்டுப் பாரிஸ்டர் கட்டிலில் இருந்து எழுந்து, மட்டையை ஊன்றுகோலாக ஊன்றி, தட்டுத் தடுமாறிக் கடைசிக் கோட்டருகே வந்தார்.

"தபித்தாள், பந்து எங்க?"

"வருது."

அவர் மட்டையைத் தூக்கிப் பிடித்தார். "எங்க வருது? நான் எங்க நிக்க?"

தபித்தாள் பார்த்தாள். கோட்டுக்கு நாலு விரல் வெளியே விழப்போகிறது பந்து. அங்கேதான், நேர் கீழே, அண்ணாந்த தலையோடு அவர் வந்து நிற்கிறார். அவள் பேசாமல் இருந்தால் போதும். ஐந்தரை வருட உயரத்தில் இருந்து வருகிற பந்து அவருடைய நெற்றியில் இறங்கும், தரையைத் தொடுமுன் ஆளைத் தொட்டால் வெளியே நின்றாலும் அது அவருக்குத் தோல்வி என்று சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. கோப்பையும் அவளுக்கு, பழியும் தீர்ந்துவிடும். ஆனால் செத்த மனிதர் எதையும் சொல்லமாட்டார்.

"முதல்ல அந்தப் பந்தைச் சொல்லுங்க" என்றாள். "மூணாம் வருசத்துப் பந்து."

பாரிஸ்டர் வானத்தைப் பார்த்தார், அவருக்கு அது வெறும் வெளிச்சமாக இருந்தது. மேலேயிருந்து சன்னமாக ஒரு விசில் சத்தம் கேட்டது.

"உள்ளே" என்றார்.

"பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கலை."

"உள்ளே!" என்று கத்தினார். "அது உள்ளேதான் விழுந்தது! சுண்ணாம்பு என் சப்பாத்துல தெறிச்சுது, நான் பார்த்தேன்! இவங்க எல்லாரும் பார்த்தாங்க! அவ கண்ணுல ஒரு கோளாறும் இல்ல! எங்க நிக்கட்டும், தபித்தாள்?"

செக்ரட்டரி கையில் இருந்த கேக்கைத் தட்டில் வைத்தார். எலிசம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். எல்லோரும் அவரவர் காலைப் பார்த்தார்கள்.

"ரெண்டு எட்டு இடது பக்கம்" என்றாள் தபித்தாள். "உள்ளதுதான் சொல்லுதேன். சீக்கிரம்."

அவர் நகர்ந்தார். பந்து விழுந்தது. மேல்துணியெல்லாம் போய், வெயிலில் காய்ந்து, பழைய கொட்டைப்பாக்கு மாதிரி இருந்தது. கட்டாந்தரையில் பட்டு ஒரே ஒருமுறை எழும்பி, உருண்டு போய்க் கம்பத்தடியில் நின்றது.

"உள்ளே!" என்று ஊரே ஒரு குரலில் கத்தியது. உபதேசியார் கத்தினார், தோட்டத்துக்காரர் கத்தினார், எலிசம்மாள் எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள். பாரிஸ்டரும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தாழ்த்தி, அழாத குறையாக, "உள்ளே, உள்ளே, ஜெயிச்சுட்ட, வீட்டுக்குப் போ" என்றார்.

தபித்தாள் வலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனாள். ஐந்தரை வருடத்தில் முதல்முறையாகத் தன் கோட்டைத் தாண்டினாள். மண்ணில் பந்து பதிந்திருந்த குழிக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவே வலது கையை வைத்தாள். நாலு விரல் சரியாக அடங்கியது.

"அவுட்" என்றாள்.

"என் பக்கம் விழுந்த பந்து. நான் சொல்றதுதான் சொல்லு. வழக்கம் அதுதான்!" என்றார் பாரிஸ்டர்.

"உங்க சொல்லு எப்படிப்பட்டதுன்னு இப்பத்தானே எல்லாரும் கேட்டாங்க." அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "உங்க சொல்லையும் கேட்டேன். கோப்பையை அவருக்கே கொடுங்க."

செக்ரட்டரி அருமைநாயகம் சட்டப் புத்தகத்தைத் திறக்கவில்லை. கிளப் சுவரில் இருந்த பலகையில் அந்த வருடத்துக்கு எதிரே பாரிஸ்டர் வேதமாணிக்கத்தின் பெயரை எழுதி, அதற்குக் கீழே, 'கடைசிப் பந்து அவுட், பார்த்துச் சொன்னவர் தபித்தாள்' என்று எழுதச் சொன்னார். கோப்பையை நாலு பேர் பாரிஸ்டர் வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். தபித்தாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது கோழிகள் முப்பதுக்குமேல் பெருகி, அப்பாவின் கட்டில் மேலெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தன. அன்று முழுக்கப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் கிரேஸம்மாள் வந்தாள். கையில் வழக்கமான அடுக்குச் சாப்பாடு இருந்தது, கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது.

"அவரு நம்பமாட்டேங்காரு, தபித்தாள். பந்து விழுந்தத அவரு பார்க்கலைல்லா. கட்டில்ல அண்ணாந்தே படுத்திருக்காரு, கையை இப்படித் தூக்கிக்கிட்டு. ராத்திரி பகல் கண்ணு மூடலை. 'பந்து எங்க, பந்து எங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. கூரையைப் பிரிக்கணுங்காரு."

"ஊரே பார்த்துதே, மதனி. ஊரைச் சொல்லச் சொல்லுங்க."

"சொல்லியாச்சு. பாஸ்டர் வந்து சொல்லியாச்சு, செக்ரட்டரி வந்து சொல்லியாச்சு. 'இவங்க கண்ணால பார்த்ததையே சொல்லாதவங்க, எனக்குத் தெரியாதா, இவங்க சொன்னா நான் நம்பணுமா'ங்காரு. நீ வந்து சொன்னா நம்புவாராம். ஒரு சொல்லு போதும்ட்டி. விழுந்துட்டுன்னு ஒரே ஒரு சொல்லு."

தபித்தாள் கட்டைகளைத் தட்டி வரிசையை முடித்தாள். நூலைப் பல்லால் அறுத்தாள். அடுக்குச் சாப்பாட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, நேற்றுக் கழுவிக் கவிழ்த்திருந்த பழைய அடுக்கை எடுத்துக் கிரேஸம்மாள் கையில் கொடுத்தாள்.

"அவரு பக்கம் விழுந்த பந்து, மதனி" என்றாள். "அவரே சொல்லட்டும்."

சொல்லிவிட்டு, மேகம் கறுத்துக்கொண்டு வந்ததால், துணி எடுக்கக் கொல்லைக்குப் போனாள்.